பால் பேரலில் கத்தரிக்காய்!

எங்கள் குலசேகரத்துக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொல்கிற முதல் வசனம், ''ஆஹா... என்ன பச்சை சார் உங்க ஊர்!''

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழி முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வருவார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். அந்தப் பச்சையில் ஒரு இலையைக்கூடக் குழம்பில் போட முடியாது என்கிற ரகசியத்தை மட்டும் சொல்ல மாட்டேன்.

அத்தனையும் ரப்பர்! கத்தரிக்காயும் வெண்டைக்காயும் எங்கிருந்தோ லாரியேறி நாகர்கோவில் சந்தையில் இறங்கி, அங்கிருந்து என்னை மாதிரியே இடிபட்டுக் கசங்கி, வாடிய முகத்தோடு ஊர் வந்து சேரும்.

அப்பா முப்பது வருஷம் பால்வெட்டுத் தொழிலாளி. விடிகாலை நாலு மணிக்குத் தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரம் தாராளமாகப் பால் விடும். மரம் மரமாக அவர் சிரட்டையில் பிடித்த அந்தப் பாலில்தான் நான் பி.காம். முடித்து, நாகர்கோவிலில் ஒரு ஆபீஸில் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்தேன்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல்.

கடலில் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்தத் துக்கத்துக்கு முன்னால் எங்கள் கதை ஒன்றுமில்லை. ஆனாலும் மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன. அப்பா வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில், யாரோ தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி மரங்கள் கிடந்தன. ரோடெல்லாம் மரம். கரண்ட் கம்பம் சாய்ந்து, எங்கள் தெருவே இருட்டில் கிடந்தது. கடையில் பச்சை மிளகாய்கூட இல்லை. அம்மா வெறும் புளித்தண்ணியில் உப்புப் போட்டுக் குழம்பு என்று பேர் வைத்தாள்.

''புதுக் கன்னு வச்சா பால் வெட்ட ஏழு வருஷம் ஆவும்டே. அப்ப எனக்கு அறுவத்தஞ்சு தாண்டிரும்'' என்றார் அப்பா. அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சே குறைந்துபோனது.

ஆனால், பழக்கம் போகவில்லை. நாலு மணிக்கு எழுந்து, டார்ச்சைக் கட்டிக்கொண்டு, திண்ணைப் படியில் உட்கார்ந்துவிடுவார். அந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்து அசையாமல் நிற்கும். வெற்றிலைக்குக் காசு வேண்டுமென்றால் என்னிடம் கேட்க மாட்டார். அம்மா வழியாக வரும். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருக்கும் நண்பன் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தேன். பையில் தக்காளி, பக்கெட்டில் கீரை! 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் அரசாங்கமே மாடித்தோட்டத்துக்கு மானியத்தில் பை, விதையெல்லாம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. 'மண்ணே இல்லாத ஊரில் இவன் விளைவிக்கிறான். நாம மூணு சென்டில் வீட்டைக் கட்டிக்கிட்டு மிளகாய்க்கு அலையறோமே' என்று ரோஷம் வந்தது.

எங்கள் ஊரில் பைக்குப் பஞ்சம், பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. தோட்டத்து ரப்பர் பால் போகிற 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் இரண்டைச் சல்லிசாக வாங்கி வந்தேன். பால் கட்டியாகாமல் இருக்க அதில் அமோனியா விடுவார்கள். மூடியைத் திறந்தேன் பாருங்கள்... கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்தவன்கூட அப்படி அழுதிருக்க மாட்டான்! ஒரு வாரம் கழுவிக் கழுவி வெயிலில் காயவைத்தேன்.

பேரலை நிறுத்தி, முற்றத்துச் செம்மண்ணை விளிம்பு வரை கொட்டி, கத்தரி நாற்றும் வைத்தாயிற்று. ஜூன் மாசம் மழை பிடித்தது. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மூன்றாம் நாள் பேரலில் தண்ணீர் தளும்பியது. நாற்று அழுகி மிதந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ''சாரே, மீன் குஞ்சு விடலாமே?'' என்றார்.

அன்றைக்குத்தான் அப்பா படியிலிருந்து எழுந்து வந்தார்.

''ஓட்டை போடாத பேரல்ல பாலைத்தாண்டே ஊத்தணும். வேருக்கும் மூச்சு விடாண்டாமா?''

ஆறு மாசத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது!

அப்புறம் நான் வெறும் கையாள். பேரலைக் குறுக்கே இரண்டாக அறுத்தார். ஒரு பாதிக்கு நூறு லிட்டர். கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு அந்த ஆழம் போதும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் பத்துப் பன்னிரண்டு துளை. செங்கல் மேல் தூக்கி வைத்தால்தான் தண்ணீர் வடியும். வெறும் மண் போட்டால் மழையில் இறுகிக் கல்லாகிவிடும் என்று, மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, நன்றாக அலசி மக்கவைத்த தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு.

''மாடியில் வைத்தால் என்னப்பா?'' என்று கேட்டேன். ''நனஞ்ச மண்ணு நூறு கிலோவுக்கு மேல வரும். மாடி இடிஞ்சா உன் ஆபீஸ்ல லோன் தருவானா?'' என்றார். பேரல்கள் முற்றத்திலேயே நின்றன.

விதை முளைக்கப் போட எடுத்தது என்ன தெரியுமா? மரத்தில் பால் பிடித்த அதே சிரட்டைகள்! கண்ணில் ஓட்டை போட்டு, வரிசையாக அடுக்கிவிட்டார்.

செடி தலைதூக்கியதும் நத்தை வந்தது. ராத்திரியில் வந்து மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் மாயமாகிவிடும். பகலில் தேடினால் ஒன்றுகூட அகப்படாது. அதைப் பிடிக்கச் சரியான நேரம் எது? விடிகாலை நாலு மணி!

ஒருநாள் முழிப்பு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் சுவரில் இல்லை. பேரல் பேரலாக நகர்ந்துகொண்டிருந்தது.

ரப்பர்க் கூலிக்கு இது ஈடு என்று பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேரலில் வாரத்துக்கு மூன்று நாள் குழம்புக்குக் காய், மிளகாய் வாங்குகிற செலவு மிச்சம், அவ்வளவுதான் கணக்கு. சோவியத் யூனியன் உடைந்த பிறகு உணவுக்குத் திண்டாடிய கியூபாவில், ஹவானா நகரத்து ஜனங்கள் காலி மனைகளிலும் மொட்டை மாடிகளிலும் காய்கறி போட்டுச் சமாளித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்பாவுக்கு ஹவானா தெரியாது. ஆனால் ஆபீஸுக்குக் கிளம்பும்போது என் பையில் ஒரு பொட்டலம் வெண்டைக்காயைத் திணித்து, ''உன் மேனேஜருக்குக் குடு'' என்பார். வெற்றிலைக் காசை இப்போது நேராக என்னிடமே கேட்கிறார். அதட்டிக் கேட்கிறார்!

புயலுக்குப் பிறகு, 2018-ல் நட்ட கன்றுகள் 2025-ல் வெட்டுக்கு வந்தன. தோட்டத்துக்காரர் ஆள் அனுப்பினார். புதுப் பையனுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். அப்பா போனார். அம்மாவும் நானும் ஒன்றும் பேசாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் இரண்டு காலி பேரல்!

''கூலி தரட்டான்னு கேட்டான். இது போதும்னுட்டேன். பாவலுக்கு இடம் இல்லாம கிடக்குல்லா?'' என்றபடி இறங்கினார்.

மூடியைத் திறக்கிற வேலை மட்டும் வழக்கம்போல் எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்தது. அமோனியாதான் சார், நம்புங்கள்!