பூட்டு ஊரில் சாவி வித்தை

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று மூன்றே வார்த்தையில் கணக்கை முடித்து விடுவார்கள். நான்காவது ஐட்டம் ஒன்று உண்டு: ரோட்டோரப் பட்டறைகள். பூட்டுக்காவது 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பட்டறைக்காரர்களின் கைக்கு ஒரு குறியீடும் இல்லை.

பழநி ரோட்டில் அப்படி ஒரு பட்டறை. வேப்ப மரம்தான் கூரை. ஒட்டன்சத்திரத்துக்கு வசூலுக்குப் போகவேண்டிய ஃபைனான்ஸ் கம்பெனி இளைஞர், துருப்பிடித்து ஒழுகிய பெட்ரோல் டேங்க்கைப் பத்தவைக்கக் கொடுத்திருந்தார். காலி டேங்க்தானே என்று அலட்சியம் கூடாது சார். உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவிதான் எமன். அதனால் நன்றாகக் கழுவி, தண்ணீர் ரொப்பிப் பத்தவைத்து, பிறகு சொட்டு ஈரமில்லாமல் வெயிலில் காயவைத்திருந்தார் மெக்கானிக். திண்டுக்கல்லில் வெயிலுக்கா பஞ்சம்!

டேங்க் மாட்டியாச்சு. பெட்ரோல் ஊற்றியாச்சு. தம்பி ஸ்டார்ட்டரை அமுக்கினார். ம்ஹூம். மறுபடி. வண்டி இருமியதே தவிர எழவில்லை.

"அண்ணே, டேங்க்கைக் குடுத்தேன், வண்டியே போச்சு!"

"கைய எடுங்க தம்பி. பேட்டரி செத்தா, தள்ளுனாலும் கிளம்பாது."

பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். குழாயைத் திறந்து நாலு உதை விட்டால் போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். டேங்க்குக்குள்ளேயே ஒரு மோட்டார் பம்ப். அதைக் கழற்றி மாட்டினால் பைப் முழுக்கக் காற்று. பி.காம். பாஷையில் சொன்னால், ஓபனிங் பேலன்ஸ் நில்!

மெக்கானிக் சாவியை 'ஆன்' பண்ணினார். டேங்க்குக்குள் 'ங்ங்ஙீ...' என்று இரண்டு மூன்று விநாடி ஒரு முனகல், நின்றது. ஆஃப். மறுபடி ஆன். இப்படி நாலு தடவை. ஒவ்வொரு முனகலிலும் பெட்ரோல் காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும், பிரஷர் ஏறும். முனகலே கேட்கவில்லையென்றால் பம்ப்பின் ஒயர் கப்ளரையும் ஃபியூஸையும்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

அப்புறம் அவர் குனிந்து பம்ப் மூடியைச் சுற்றி விரலால் தடவி மோந்து பார்த்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். அங்குள்ள ரப்பர் ரிங் சரியாக உட்காராவிட்டால், பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் கசியும். பக்கத்தில் பீடியோடு நின்ற பெரியவரை, "அண்ணாச்சி, அந்தாண்ட போங்க!" என்று விரட்டியதும் அதனால்தான்.

"இப்ப அமுக்குங்க. ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க."

ஒரே அமுக்கு. பிடித்துக்கொண்டது.

"தம்பி, அம்பது ரூவாய்க்குப் போட்டு ஓட்டாதீங்க. பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான் பம்ப்பு சூடாகாது. மொதல்ல பங்க்குக்குப் போங்க!"

தம்பி பலமாகத் தலையாட்டினார். பங்க் வலது பக்கம். வண்டி இடது பக்கம் திரும்பியது. அந்தப் பக்கமிருந்துதான் சீரகச் சம்பா வாசனை வந்துகொண்டிருந்தது.