நோம்பி

கொங்கு நாட்டிலே பண்டிகைக்குப் பண்டிகை என்று பெயர் இல்லை. நோம்பி என்று பெயர். தீபாவளி ஒரு நோம்பி. ஆடி மாதப் பிறப்பு ஒரு நோம்பி. மாரியம்மனுக்குச் சாட்டினால் அதுவும் நோம்பி. நோன்பு என்ற பழஞ்சொல்தான் எங்கள் பக்கத்து நாவில் இப்படி உருண்டு திரண்டு நிற்கிறது. வெளியூர் நண்பர் ஒருவர், "நோம்பிக்கு அவசியம் வந்துருங்க" என்ற அழைப்பைக் கேட்டு, அன்று முழுவதும் பட்டினி கிடக்க வேண்டும் போலும் என்று அஞ்சினால் அவரைக் குறை சொல்லலாகாது. இலையின் முன் உட்கார்ந்து, ஒப்புட்டும் கச்சாயமும் சந்தகையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதைக் கண்ட பிறகு அந்த அச்சம் தானே தீர்ந்துவிடும்.

வயிறு புடைக்க உண்ணும் நாளுக்கு நோன்பு என்று பெயர் வைத்தது விந்தைதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் நியாயம் 1983-ஆம் வருஷத்துத் தை மாதத்தில்தான் விளங்கிற்று. அதைச் சொல்லுமுன், சாதாரண வருஷங்களில் எங்கள் நோம்பிகள் எப்படி நடந்தன என்று சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சிக்குக் கிழக்கே, நெகமத்துக்கு அருகில் இருந்தது. ஆடி பதினெட்டு அன்று பெரியவர்கள் பேரூருக்குப் போய் நொய்யலில் முழுகி, முன்னோரை நினைத்து வணங்கி வருவார்கள். ஆடி முதல் தேதியன்று, கரூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, தேங்காயின் கண்ணைத் துளைத்து, பச்சரிசியும் வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் உள்ளே திணித்து, குச்சியில் செருகி நெருப்பில் சுடுவோம். ஓடு வெடித்து மணம் கிளம்பும்போது எங்களுக்குப் பொறுமை எங்கே இருக்கும்? பாதி வெந்தும் வேகாமலும் தின்றுவிடுவோம்.

ஆயினும் பெரிய நோம்பி பொங்கல்தான். அதிலும் சூரியனுக்கு வைக்கும் பொங்கலைவிடப் பட்டிக்கு வைக்கும் பொங்கலுக்கே எங்கள் பக்கத்தில் பெருமை அதிகம். மார்கழிக் கடைசி நாளில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி, வீட்டு இறவாரத்திலும் கட்டுத்தரையிலும் கிணற்றடியிலும் வயலோரத்திலும் செருகுவார்கள். அதற்குக் காப்புக் கட்டுதல் என்று பெயர். மாட்டுப் பொங்கலன்று மாலையில் பட்டியிலேயே அடுப்பு மூட்டிப் புதுப்பானை ஏற்றுவார்கள். தரையில் சாணத்தால் கரை கோலிச் சிறு தெப்பக்குளம் ஒன்று கட்டி, நீரும் பாலும் வார்த்துப் பூக்கள் மிதக்கவிட்டு, கன்றை அதன் வழியே மிதித்து வரச் செய்வார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்திலே அந்தச் சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் ஏறும். செங்கன்று ஒன்று, அந்தச் சிறு குளத்தைக் கண்டு மிரண்டு, பிறகு துணிந்து ஒரே பாய்ச்சலில் கரையை உடைத்துக்கொண்டு ஓடும் அழகை எவ்விதம் வர்ணிப்பது!

மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. அக்காமார்கள் கரும்பும் தின்பண்டமும் கட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்து ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, பொழுது சாயத் திரும்புவார்கள்.

1982-இல் மழை பொய்த்தது. எங்கள் அப்பாரு காலத்தில் எருதுகள் கவலை இழுத்து நீர் இறைத்தன. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்த பிறகு, கோவைச் சீமையின் கிணறுகளுக்கு ஒவ்வொன்றாக மோட்டார் வந்தது. எங்கள் கிணற்றிலும் மோட்டார் இருந்தது, நீர்தான் இல்லை. மார்கழி பிறக்கும்போதே தட்டுப்போர் கரைந்து அடி தெரிந்துவிட்டது. கட்டுத்தரையில் நான்கு மயிலைக் காளைகள் நின்றன. அவற்றின் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

அந்த வருஷம் போகி வியாழக்கிழமையில் வந்தது. பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். ஒரு ஜோடியை அன்றே ஓட்டிப்போய் விற்றுவிடுவது, கிடைக்கும் பணத்தில் தட்டு வாங்கி மற்ற ஜோடியைக் காப்பாற்றுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். பின்னிரவில் எழுந்து லாந்தரோடு கட்டுத்தரைக்குப் போனார். அங்கே ஆத்தா நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக மாலையில் கட்டும் காப்பை, அன்று கோழி கூவுமுன்பே நான்கு மூலையிலும் கட்டி முடித்துவிட்டாள்!

"காப்புக் கட்டியாச்சு. இனி நோம்பி முடியற வரைக்கும் இந்தப் பட்டியிலிருந்து ஒரு உசுரும் வெளியே போகக் கூடாது" என்றாள்.

"இன்னிக்கு விட்டா அடுத்த சந்தை செவ்வாய்க்கிழமைங்க அம்மா. அஞ்சு நாளைக்குத் தீனிக்கு எங்கே போறது?" என்றார் அப்பா.

அம்மன் கோவிலில் காப்புக் கட்டினால் ஊரை விட்டு ஒருவரும் வெளியே தங்கக்கூடாது என்பது வழக்கம். அந்தச் சட்டத்தை இறவாரத்துப் பூளைப்பூவுக்கும் நீட்டியது ஆத்தாவின் சொந்த வியாக்கியானம். ஆனால் அவளிடம் வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. தீனிக்கும் அவளே வழி சொன்னாள். புதுத்துணி வேண்டாம், ஒப்புட்டு வேண்டாம், வீட்டார் அனைவருக்கும் ராகிக் களியே போதும். மிச்சமாகும் பணத்துக்குச் சோளத்தட்டு வாங்க வேண்டும்.

அண்டை வீடுகளிலே வெல்லப்பாகு கொதிக்கும் மணம் காற்றில் வர, பழைய சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அழுகை வந்தது உண்மைதான். தம்பி வாய்விட்டே அழுதான். ஆத்தா அவனை அருகில் அழைத்து, "நெல்லு வெளஞ்சப்போ எல்லாம் நாம தின்னோம் கண்ணு. அதுக உழுதுதான் வெளஞ்சுது. ஒரு வருஷம் அதுக திங்கட்டும்" என்றாள்.

மாட்டுப் பொங்கலன்று கையளவு அரிசியில் பொங்கல் வைத்தார்கள். தெப்பக்குளத்திற்குப் பால் இல்லை, நீரோடு சரி. அப்பா நான்கு காளைகளுக்கும் கொம்பு சீவி, வர்ணம் தீட்டி, புது மூக்கணாங்கயிறு பூட்டினார். பொங்கலைக் காளைகள் நக்கித் தின்ற பிறகே பானையில் எஞ்சியது எங்களுக்குக் கிடைத்தது. நோம்பி என்றால் நோன்பு என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. மற்ற வருஷங்களில் அது ஞாபகத்திற்கு வராமல் போனதற்கு விளைச்சலே காரணம்.

இன்னொன்றும் அப்போது கண்டோம். காடெல்லாம் காய்ந்து கிடந்த அந்தத் தையிலும் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. பூளை வெள்ளை வெளேரென்று நின்றது. வேம்பு பச்சை மாறவில்லை. மழை தவறினாலும் தவறாத செடிகளையே நம் முன்னோர் காப்புக்கு வைத்துக்கொண்டார்கள்! மல்லிகையோ ரோஜாவோ வேண்டும் என்றிருந்தால், பஞ்ச காலத்தில் ஏழை வீட்டில் நோம்பி நடவாமலே போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமையன்று அப்பா வயதான ஜோடியைச் சந்தைக்கு ஓட்டிப்போனார். உழவுக்கு வாங்குகிறவருக்கே விற்க வேண்டும் என்று ஆத்தா நிபந்தனை போட்டிருந்தாள். இறைச்சிக்கு வாங்குவோர் கூடுதலாகக் கேட்டும் கொடாமல், ஆழியாற்றுப் பாசனத்து விவசாயி ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை என்பது வழக்கமாதலால், மூன்று நாள் முன்பு பூட்டிய புதுக்கயிறு இரண்டும் அவர் தோளில் திரும்பி வந்தன. அவற்றை ஆத்தா கட்டுத்தரை ஆணியில் மாட்டினாள். அன்றிரவு அவள் உண்ணவில்லை.

இப்போது கோவை நகரத்தில் குடியிருக்கிறோம். ஆத்தாவும் இல்லை, பட்டியும் இல்லை. போகியன்று பூ மார்க்கெட்டில் காப்புக் கொத்து கட்டுக் கட்டாக விற்கிறது. வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் கட்டுகிறோம். மாடில்லாத வீட்டுக்குக் காப்பு எதற்கு என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாடு போனாலும், யாருடைய உழைப்பில் நம் பானை பொங்குகிறதோ அவர்களுக்கு நாம் பட்ட கடன் போய்விடவில்லை என்பதே எங்களுக்குத் தெரிந்த பதில்.

பதில் மட்டும் போதாது என்று தோன்றியதால், சில வருஷங்களாக ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். மாட்டுப் பொங்கலன்று உடுமலைக்கு அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். விவசாயிகள் தங்கள் கறவையின் பாலையும், மண்ணால் செய்த மாட்டுருவங்களையும் அங்கே கொண்டுவந்து செலுத்துவதை அவர்கள் பார்க்கிறார்கள். மாலையில் நகரத்து எல்லைக்குத் திரும்பி, எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரின் கட்டுத்தரைக்குப் போகிறோம். அவரிடம் இரண்டு பசுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அன்றைய தீனி எங்கள் செலவு. அதற்காக எங்கள் வீட்டில் ஒப்புட்டு சுடுவதில்லை. பிள்ளைகள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். ஆனாலும் சென்ற முறை கரும்புத் தோகையைக் கொண்டுபோய்ப் பசுவின் வாயருகே நீட்டியதில், முணுமுணுத்தவர்களே முந்திக்கொண்டார்கள்.