கறளிலை வெல்டிங் பிடியாது

பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறமாதிரி வெல்டிங் வேலைக்கு வந்த பெடியன் என்னுடைய லாண்ட் றோவரின் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். முன்பக்கம் ‘ணங்’ என்றது. நடுவிலும் அப்படித்தான். பின்சில்லுக்குப் பக்கத்தில், ஸ்பிறிங் பட்டையின் நுனியைத் தாங்குகிற ஹங்கர் சட்டத்தோடு சேருமிடத்தில், ‘பொத்’ என்றது. ஸ்குறூ றைவரால் ஒரு குத்து. பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

“ஐயா, இதை நம்பியோ மாதகலுக்கு மீன் ஏத்தப் போறனீங்கள்?”

வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் பண்டத்தரிப்பில் கறள் பிடியாத வாகனம் வைத்திருக்கிறவன் நான்தான் என்று பல காலம் பெருமையடித்தவன் நான். உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் 1948 இல் வந்த முதல் லாண்ட் றோவருக்கு அலுமினியக் கலவையில் உடம்பு செய்தார்கள். பிறகு வந்தவற்றுக்கும் அதே வழக்கம் தொடர்ந்தது. அடிச்சட்டம் மட்டும் உருக்கு. தகடுகளை நீளத்துக்கு ஒட்டிப் பெட்டிபோலச் செய்த குழல் அது. உள்ளே வெறும் பொள்ளல். தண்ணீரும் சேறும் அதற்குள் போனால் வெளியே வர வழியைத் தேடவேண்டும். கறள் உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். வெளியில் நாங்கள் காண்கிறபோது அது சாப்பிட்டு முடித்திருக்கும்.

எங்கள் ஊர் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. செம்பாட்டு மண்ணும் கறளும் ஒரே நிறம். வாகனத்துக்குக் கீழே சிவப்பாய் உதிர்ந்து கிடந்ததையெல்லாம் தோட்டத்து மண் என்றே கூட்டித் தள்ளினேன். போதாக்குறைக்கு, பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன் அடியெல்லாம் தார் பூசி வைத்தேன். மீன்பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் தாருக்குப் பின்னால் போய் வசதியாகக் குடியிருந்தது. பூசினவனுக்கு மட்டும் நிம்மதி.

“ஒரு தகட்டை மேலாலை வைச்சு அடிச்சுவிடு தம்பி. நான் இனி எவ்வளவு காலம் ஓடப்போறன்?” என்றேன்.

“கறளிலை வெல்டிங் பிடியாது ஐயா. நீங்கள் ஓடாட்டி வேறை ஆரும் ஓடுவினம்தானே?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வேறு வாகனம் வாங்கவும் வழியில்லை. 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. அதற்குள் பழைய இரும்புக்கும் தங்க விலை வந்துவிட்டது.

வேலை பதினொரு நாள். முதலில் பற்றறி வயரைக் கழற்றினான், பெற்றோல் தாங்கியை இறக்கித் தூரத்தில் வைத்தான். ஸ்பிறிங் கண்ணுக்குள் இருந்த போல்ட் புஷ்ஷோடு ஒட்டிப்போய் அசைய மறுத்தது. மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நாலாம் நாள் நெருப்புக் காட்டித் தட்ட, முனகிக்கொண்டு வெளியே வந்தது. மண்ணெண்ணெய் எங்களுக்குப் புதிதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் காருக்கு நாலு துளி பெற்றோலைக் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள்.

பிறகு வெட்டத் தொடங்கினான். ஓட்டை என் உள்ளங்கை அளவு. அவன் வெட்டியது ஒன்றரை முழம். மினுங்குகிற உருக்கு வரும்வரை நிறுத்தவில்லை. வெட்டிய இடத்தால் கொட்டியது ஒரு சுளகு நிறையக் கறட்செதிளும் சேறும். சேற்றிலும் இரண்டு நிறம். மேலே எங்கள் செம்பாடு, அடியில் கறுப்பு, வாகனத்தை முன்பு வைத்திருந்த மச்சானுடைய வன்னி வயல்.

இந்த ஊரில்தான் 1820 இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் வேலை தொடங்கினார். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார். மயக்க மருந்து வராத காலம். அழுகின காலை எந்த இடத்தில் வெட்டுவது என்று அவரும் இப்படித்தான் பார்த்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல தடித்த தகடாகப் போடச் சொன்னேன். மாட்டேன் என்றான். பழைய தகடு இரண்டு மில்லிமீற்றர் அளவுதானாம், பக்கத்தில் ஆறு மில்லிமீற்றரை ஒட்டினால் புதியது நிற்கும், பழையது வெடிக்குமாம். மூலைக்கு மூலை அளந்து, இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாறி மாறி ஒட்டினான். ஒரேயடியாக இழுத்தால் சூட்டில் சட்டம் முறுகிவிடும். கடைசியாக அடியில் இரண்டு துளை போட்டு, உள்ளே பழைய எஞ்சின் ஒயிலை விசிறினான்.

‘எனக்கு இனி எவ்வளவு காலம்’ என்ற பேச்சை நான் வேறு இடத்திலும் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் பங்குக் கிணற்றின் வழிவாய்க்கால் உறுதியில் ஒரு பிழை. அண்ணரும் நானும் முப்பது வருசமாக அதைத் தொடாமல், கோயிலில் கண்டால் சிரித்து, மூடிவைத்திருக்கிறோம். வயது போனவன் பொறுமையாக இருக்கிறான் என்று ஊர் நினைக்கும். பொறுமையில்லை, சோம்பல். சண்டையைப் பிள்ளைகளின் தலையில் இறக்கிவிட்டுப் போகிற வேலை. போன கிழமை உறுதியை எடுத்துக்கொண்டு அண்ணர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி இல்லாமல் வாசிக்கமாட்டேன் என்றார். கண்ணாடி கண்முன்னால் மேசையில் கிடந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன், உறுதியை அங்கேயே வைத்துவிட்டு.

வாகனம் இப்போது ஓடுகிறது. முந்தநாள் சுத்தியலோடு குனிந்து முன் இடப்பக்கத்து ஹங்கரை நானே தட்டிப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் மந்தம். மாரி முடியட்டும், தை பிறந்த பிறகு பார்ப்போம் என்றேன். மனிசி ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து அந்தப் பெடியனுக்கு அழைத்தா.