பைல் நாட்டில் சாமைச் சோறு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமீது ஏறி, பைல் நாட்டை அடைந்தபோது நல்ல பசி. ஒரு வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கிடைத்தன. நெல்லரிசிக்குப் பழகிய நாவுக்கு முதற் கவளம் சற்றுச் சொரசொரப்புத்தான். மூன்றாவது கவளத்தில் அதுவே ருசியாயிற்று.

“இது விருந்துக்கு ஆக்கினது, கண்ணு. பிள்ளைகளுக்கு ரேஷன் அரிசிதான்” என்றாள் பாட்டி.

காரணம் கேட்டேன்; உரலைக் காட்டினாள். சாமையின் உமி போகப் பெண்கள் கை நோகக் குத்திப் புடைக்க வேண்டும். மரவள்ளிக்கோ அத்தொல்லை இல்லை. பிடுங்கி லாரியில் ஏற்றினால் சமவெளி ஜவ்வரிசி ஆலைகள் பணம் தருகின்றன. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை போன்ற பழைய வகைகள் இவ்வாறே அருகின. 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவற்றின் விதைகளைக் காக்க முயன்று, சில ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்களையும் அமைத்தது. பெண்களின் தோள்வலியை உணர்ந்த காரியம்!

புறப்படுகையில் பாட்டி ஒரு படிச் சாமையை முடிந்து கொடுத்தாள். விலை கேட்டதற்குக் கோபித்துக்கொண்டாள்.