மன்னார் மணலில் ஒரு பூந்தோட்டம்

போன வைகாசியில் என் முற்றத்தில் நின்ற ஆறு ரோசாக் கண்டுகளும் ஒரே கிழமைக்குள் பட்டுப்போயின. 2010 இல் நாங்கள் பூநகரிக்குத் திரும்பி வந்தபோது வளவில் நிழலுக்கு ஒரு மரம்கூட மிஞ்சியிருக்கவில்லை. அதனால் கண்டு என்றால் எனக்கு ஆசை அதிகம். கோடையில் எங்கள் கிணறு சவர். இலைநுனி கருகத் தொடங்கியதும் தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் அள்ளி ஊற்றினேன். உப்பைத்தான் ஊற்றியிருக்கிறேன்.

பேசாலையிலுள்ள மச்சாள் தொலைபேசியில் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஒருக்கா வந்து என்ர வளவைப் பாரும்" என்றார்.

ஏ32 வீதியால் வெள்ளாங்குளம், விடத்தல்தீவு கடந்து மன்னாருக்குப் பேருந்தில் போனேன். தீவில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது கழுதைகள்தான். பள்ளிமுனையில் இறங்கி அந்தப் பெரிய பெருக்கமரத்தையும் பார்த்தேன். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். மழைக்காலத்தில் தண்ணீரை உடம்பில் சேர்த்து வைத்து, கோடையில் இலையைக் கொட்டிவிட்டுப் பேசாமல் நிற்கும் மரம் அது.

மன்னாரில் ஆண்டு மழை 1000 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். பிறகு வெயில், அதோடு சோளகக் காற்று. மச்சாளின் வளவோ முழுக்கக் கடல்மணல். 1990 இல் படகேறிப் போய், மண்டபம் முகாமில் பல வருடம் இருந்து திரும்பியவர் அவர். அந்த மணலில் பூ நின்றதை நான் எதிர்பார்க்கவில்லை.

வேலிக்குக் கிளுவங்கதியால். காற்று வரும் பக்கத்தில் பூவரசும் வேம்பும். பூவரசு சவரைத் தாங்கும். கடதாசிப்பூ மூன்று நிறத்தில் நின்றது. தண்ணீரைக் குறைத்தால்தான் அது நன்றாகப் பூக்குமாம். நித்தியகல்யாணியை ஆடு தொடாது. மன்னாரில் இது பெரிய தகுதி. கற்றாளை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும், அதனால் ஈரம் வீணாகாது. முருங்கை கிழங்குபோன்ற வேரில் தண்ணீரைச் சேமிக்கும். கறிக்கும் ஆச்சு. ஆனால் அடியில் வெள்ளம் தேங்கினால் அழுகிவிடும்.

அலரியும் வரட்சி தாங்கும். "அது முழுக்க நஞ்சு, பேரப்பிள்ளை ஓடித்திரியிற வீடு" என்று மச்சாள் வைக்கவில்லை. சீமைக்கருவேலும் வேண்டாமாம். 1950களில் அம்பாந்தோட்டையில் உவர்நிலத்தைத் திருத்தவென்று கொண்டுவந்து வைத்தது, பிறகு புந்தல பூங்காவை மூடிப் படர்ந்துவிட்டது. தண்ணீர் கேளாத செடியெல்லாம் நல்ல செடி என்றில்லை.

நடுகிற விதத்தைத்தான் நான் கவனமாகப் பார்த்தேன். முழங்கால் ஆழக் குழியில் தேங்காய்ப் பொச்சை அடுக்கி, அதன்மேல் சாணமும் மண்ணும் போடுகிறார். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கண்டுக்கருகே ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுகிறார். அது மெல்ல மெல்லக் கசியும். மேலே பனையோலைச் சருகு. வரட்சி தாங்கும் கண்டானாலும் முதல் வருடம் தண்ணீர் வேண்டும். நாளாந்தம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை நிறைய ஊற்றினால் கீழே போகும். நடுவது ஐப்பசியில், மாரி பாதிவேலையைப் பார்த்துவிடும்.

"நீர் சித்திரையில நட்டுப்போட்டு தண்ணிக்கு அழுதா என்ன செய்யிறது?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடதாசிப்பூத் தடி நாலு, முருங்கைத் தடி இரண்டு, நித்தியகல்யாணி விதை ஒரு பொட்டலம், எல்லாவற்றையும் ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். பையை அவிழ்க்கும் முன்பே அம்மா கேட்டார், "சாமிக்கு வைக்கச் செவ்வரத்தை இல்லையோ?" என்று. அதற்குத் தண்ணீர் வேண்டும். இப்போது அரிசி கழுவுகிற தண்ணீர் போய் விழுமிடத்தில், குசினிக்குப் பின்னால், ஒன்றே ஒன்று நட்டிருக்கிறேன். இரண்டு தளிர் விட்டிருக்கிறது.