சந்தக்பூ: கை உதறும் கிழட்டு வண்டிகள்

வங்கத்தின் உச்சிக்கு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களுக்கு எதிரி மேட்டுப்பாதை மட்டுமல்ல. ஸ்டியரிங்கில் ஒளிந்திருக்கும் நடுக்கமும்தான்.

மானேபஞ்சாங்கில் பொழுது புலரும்போதே இன்ஜின்கள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. டார்ஜிலிங்கிலிருந்து சுமார் 26 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சின்னஞ்சிறு கடைத்தெரு இது. தெருவின் ஒரு பகுதி இந்தியா, மறு பகுதி நேபாளம். டீக்கடை வாசலில் வரிசைகட்டி நிற்பவை அருங்காட்சியகத்தில் இருக்கவேண்டிய வண்டிகள். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாகி, 1958 வரை தயாரான முதல் தலைமுறை லேண்ட் ரோவர்களும் இவற்றில் உண்டு. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் ஓட்டி, விட்டுச்சென்றவை. பலவற்றில் இன்ஜின் மாறிவிட்டது. பெட்ரோல் போய் டீசல் வந்துவிட்டது. ஆனால் சட்டமும் அச்சும் ஸ்டியரிங்கும் பெரும்பாலும் பழையவைதான்.

அவை ஏறும் இடம் சந்தக்பூ. உயரம் 3,636 மீட்டர், மேற்கு வங்கத்தின் மிக உயரமான சிகரம். 31 கிலோமீட்டர் தூரத்தில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். சித்ரே, மேக்மா, தும்லிங் என்று எல்லைக்கோட்டை இப்படியும் அப்படியும் தாண்டிப் போகும் பாதை, கைரிபாஸில் சட்டென்று இறங்கி, பிறகு காலிபோக்ரி வழியாக மூச்சுமுட்ட ஏறுகிறது. ஏறி முடித்தால், வானம் தெளிந்த காலையில், உலகின் முதல் ஐந்து உயரமான சிகரங்களில் நான்கு கண்ணெதிரே நிற்கும்: எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு. ஏப்ரலில் வழியெங்கும் ரோடோடெண்ட்ரான் பூக்கள் சிவந்து கிடக்கும்.

பயணிகள் சிகரத்தைப் பார்க்கிறார்கள். ஓட்டுநரின் கவனமோ உள்ளங்கையில். ஸ்டியரிங் சக்கரம் வழியாக வண்டி அவரிடம் பேசிக்கொண்டே இருக்கிறது.

மேட்டில் முதல் கியரில் ஊரும்போது முன்சக்கர நடுக்கம் தலைகாட்டாது. அதற்கு வேகம் வேண்டும். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகம் பிடித்தபின் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் போதும். இரண்டு முன்சக்கரங்களும் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆடத் தொடங்கும், ஸ்டியரிங் கையை உதறும், பானெட் அதிரும். தானாக அடங்காது. அப்போது மல்லுக்கட்டக் கூடாது. கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிகளுக்கு வெளியே வைத்து உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகத்தை மெல்லக் குறைக்கவேண்டும். பதறிப்போய்த் திருப்பினால் வண்டி சாலையை விட்டுப் போகும். சந்தக்பூ பாதையின் பல பகுதிகளில் இப்போது கான்கிரீட் விழுந்துவிட்டது. முன்பு கற்களே கட்டுப்படுத்தி வைத்த வேகத்தை இனி ஓட்டுநர்தான் கட்டுப்படுத்தவேண்டும்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் சக்கரங்கள். இரண்டையும் இணைப்பது ஒரு நீளமான கம்பி. இடது சக்கரம் துடித்தால் வலதும் துடிக்கும். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் துடிப்பு அங்கேயே செத்துவிடும். தேய்ந்திருந்தால் ஒவ்வொரு துடிப்பும் அடுத்ததை வளர்த்துவிடும். இதே அமைப்புள்ள பழைய மகிந்திரா ஜீப்புகளுக்கும் இதே வியாதிதான்.

வியாதியைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் டயர். காற்றைச் சரிபார்த்து, முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டினால், குற்றவாளி டயரா இல்லையா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். அடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கவேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கவேண்டும். ஆட்டம் நின்றால் கோளாறு சக்கர பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின்னில். பிறகு சக்கரங்கள் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சிறிது சிறிதாக அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்க்கவேண்டும். கம்பி அசைந்தும் அடுத்த பாகம் தாமதித்தால் அந்த மூட்டு போய்விட்டது. ஸ்பிரிங் பட்டைகளின் புஷ்ஷும், பட்டையை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளும் இதே பரிசோதனைக்கு உட்பட்டவை.

பலரும் முதலில் கைவைப்பது ஸ்டியரிங் பெட்டியில். அதன் திருகை இறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பெட்டி தேய்ந்தால் வண்டி அலைபாயும். நடுக்கத்தின் மூலம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

கிங்பின்னின் மேல்முனையில் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். மெக்கானிக் மொழியில் ஷிம். ஒன்றிரண்டை எடுத்தால் பின் இறுகும். எவ்வளவு என்பதைக் கையால் தீர்மானிக்காமல், ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்ப்பதே முறை. அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டியரிங் கனக்கும். வளைவு முடிந்தும் தானாக நேராகாது. மலைப்பாதையில் அது வேறொரு ஆபத்து.

அடுத்தது, முன் குறுக்குச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ரிலே. அதன் உள்ளே ஒரு முரட்டு ஸ்பிரிங் இரண்டு புஷ்களை அழுத்திப் பிடித்திருக்கும். அந்த உராய்வுதான் அக்காலத்து அதிர்வு தாங்கி. எண்ணெய் வற்றினால் ரிலே இறுகிப்போகும். புஷ் தேய்ந்தால் தளரும். அதைக் கழற்றும்போது சாக்கு சுற்றிக்கொள்ளாதவர் மேல் ஸ்பிரிங் பாய்ந்துவிடும். கடைசியில் சக்கரங்களின் முன்சாய்வு. முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை குறைந்திருக்கவேண்டும்.

இத்தனையையும் தவிர்க்க ஒரு குறுக்குவழி உண்டு: சந்தையில் கிடைக்கும் ஸ்டியரிங் டாம்பர். ஒரு பகலில் மாட்டிவிடலாம், நடுக்கம் மறைந்துவிடும். ஆனால் தேய்ந்த மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். நடுக்கம் என்பது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. டாம்பர் அதன் வாயைப் பொத்துகிறது. சமவெளியில் மூட்டு கழன்றால் வண்டி வயலில் இறங்கும். சிங்கலிலா முகட்டில் இறங்குவதற்கு வயல் இல்லை.

குறுக்குவழி ஈர்ப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. பயணிகள் வரும் மாதங்கள் சில. அந்த நாட்களில் பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள். உண்மையான உதிரிபாகம் எளிதில் கிடைப்பதுமில்லை. மழைக்காலத்தில் சிங்கலிலா தேசியப் பூங்கா மூடியிருக்கும்போதுதான் அச்சைக் கழற்றிப் போட்டு நிதானமாகப் பார்க்க முடியும். அதற்குள் புதிய பொலேரோக்களும் இதே பாதையில் பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டன. கிழட்டு வண்டிக்காகச் செலவழிப்பதா, விற்றுவிடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு உரிமையாளர் முன்னும் நிற்கிறது.

பழமைக்காகவே இந்த வண்டியில் ஏறும் பயணிகள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் வாடகையில்தான் இந்த இரும்பு உயிர் வாழ்கிறது. ஏறும் முன் அவர்கள் கேட்கவேண்டிய கேள்வி வண்டி எந்த வருடத்தது என்பதல்ல; கடைசியாக அச்சைக் கழற்றிப் பார்த்தது எப்போது என்பதுதான்.