போயிட்டு வர்றோம்

எங்களைப் போன்ற பலருக்கு வாழ்க்கையின் முதல் பெரிய பயணம் சுற்றுலாவாக இருந்ததில்லை. சான்றிதழ்களைப் பையில் திணித்துக்கொண்டு, வீட்டுக்குத் தெரியாமல், இரவு பஸ் பிடித்துக் கிளம்பியதுதான் அது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் அப்படித்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். பெற்றோர் புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேடியது, அந்தப் பெண்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுஷ்மா வழக்கு என்று இன்று அறியப்படுவது அதுதான். தன்பாலீர்ப்பு பற்றித் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். அதைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது.

அதனால்தான், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடுவோம் என்ற நிச்சயத்தோடு, மலை பார்ப்பதைத் தவிர வேறு காரியம் எதுவும் இல்லாமல் சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. நான், என் இணையாக வாழும் பெண், சேலத்திலேயே பிறந்து வளர்ந்த ஓர் அக்கா, கோவையிலிருந்து வந்த ஒரு தம்பி. அக்கா திருநங்கை, தம்பி திருநம்பி. அக்காவுக்கு மலையேறுவது புதிது. வருடா வருடம் அவர் வெளியூர் போவதெல்லாம் சித்திரையில் கூவாகத்துக்குத்தான். திருநங்கையர் கூடும் அந்தக் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவும் பயணம்தான். ஆனால் அங்கே விழுப்புரம் லாட்ஜ் வாசலிலிருந்து கோயில் திடல் வரைக்கும் கேமராவும் கண்களும் கூடவே வரும். “ஒரு தடவையாச்சும் யாரும் பாக்காத எடத்துக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு” என்று அக்கா கேட்டதில்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு பக்கத்து வீடு மாதிரி. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். எண் எழுதிய பலகைகளை எண்ணிக்கொண்டே போனால் இருபதில் முடியும். அதற்குள் மூங்கில் போய் சில்வர் ஓக் வந்துவிடுகிறது, அதன் மேல் மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி. நாங்கள் போனது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரம், காப்பிப் பழங்கள் சிவந்திருந்தன. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு சேலம் சின்னதாவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அறை பிடித்த கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் சாகசத்தில் கடினமான ஏற்றம் அதுதான். ஒரு மலை ஊரில் இரண்டு ஆண்கள் ஓர் அறை கேட்டால் எந்தக் கேள்வியும் வராது. நண்பர்கள் என்று எழுதிக்கொள்வார்கள். ஆணும் பெண்ணும் போனால் கல்யாணமானவர்களா என்று கேட்பார்கள். இரண்டு பெண்கள் போனால், கூட ஆம்பளை யாரும் வரலையா என்று ஒரு பார்வை. திருநங்கை ஒருவர் கூட நின்றால், காலியாக இருந்த அறைகள் அந்த நொடியில் நிரம்பிவிடும். எனக்கும் என் இணைக்கும் தோழிகள் என்ற போர்வை எப்போதும் கிடைக்கிறது. அந்தப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கலாம். ஆனால் அதற்குள் அக்காவுக்கு இடமில்லை. அதனால் இந்தத் தடவை, போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தோம்.

முதலில் கூப்பிட்ட இடத்தில் “ஃபேமிலிக்கு மட்டும்தாங்க” என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 2025 மே மாதத்துத் தீர்ப்பு ஞாபகம் வந்தது. பிறந்த வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய இணையான இன்னொரு பெண் ஆட்கொணர்வு மனுப் போட்டு மீட்ட வழக்கு. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியில்லை, தாங்களே தேர்ந்துகொண்டவர்களோடும் குடும்பமாகலாம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் எழுதியிருந்தார்கள். போனில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அடுத்து கூப்பிட்டது ஒரு ஹோம்ஸ்டே. வீட்டுக்காரம்மாவே எடுத்தார். நாங்கள் யார், யார் யாரோடு தங்குவோம், தம்பியின் ஆதாரில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது, எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சரிம்மா, ராத்திரிச் சாப்பாடு எத்தனை பேருக்கு?” என்றார். என் இணை போனைப் பிடுங்கி, “நாலு பேருக்கும்!” என்று கத்தினாள்.

சட்டம் எங்கள் பக்கம்தான் நிற்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் விரும்பிச் சேர்வதை இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே 2019இல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம், தங்குமிடத்திலும் நடமாட்டத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு, பனியில், பையோடு வாசலில் நிற்பவருக்கு வழக்குப் போட நேரமில்லை. அதனால்தான் எந்த ஊரில் எந்த வாசல் திறக்கும் என்ற பட்டியல் எங்களுக்குள் வாய்வழியாகவும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் பாப் டாம்ரன் என்பவர் 1964லேயே அப்படியொரு பட்டியலைச் சட்டைப்பைக்குள் அடங்கும் புத்தகமாகப் போட்டார். ஹான்ஸ் எபன்ஸ்டென் 1970களின் தொடக்கத்தில் தன்பாலீர்ப்பாளர்களை மட்டும் கூட்டிக்கொண்டு கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றில் படகு விட்டார். எங்களுக்குள் இருக்கும் பட்டியல் இன்னும் அச்சேறவில்லை. ஏறினால் அதில் அந்த வீட்டுக்காரம்மாவின் வாசல் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை கிளியூர் அருவிக்கு இறங்கினோம். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. படிகள் செங்குத்து, ஈரம், சில இடங்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க வேண்டியிருந்தது. தம்பி முதல் நாளே பைண்டரைக் கழற்றி வைத்துவிட்டான். மார்பை இறுக்கும் அந்த உள்ளாடையோடு ஏற்றம் ஏறினால் மூச்சு முழுதாக இழுக்க முடியாது, தலைசுற்றும். சட்டைக்கு மேல் தளர்வாக இன்னொரு சட்டை போட்டு வந்தான். சொல்வதற்கு எளிது, அவனுக்கு அது எளிதில்லை. அருவிக்கரையில் கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு பாறை ஓரமாக ரொம்ப நேரம் நின்றான். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாடா தம்பி” என்று கையைப் பிடித்து நேராகத் தண்ணீருக்குள் கூட்டிப்போனார். மலைத் தண்ணீர் தலையில் விழும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள். உடை மாற்றத்தான் இடமில்லை. சுற்றுலாத் தலங்களில் ஆண், பெண் என்ற இரண்டு கதவுகளுக்கு நடுவே, உட்புறம் தாழ்ப்பாள் உள்ள ஒற்றை அறை ஒன்று கட்டினால் போதும். அது கைக்குழந்தையோடு வருபவருக்கும், வயதான அம்மாவைக் கூட்டி வருகிற மகனுக்கும் உதவும். இதை யாராவது ஓர் அதிகாரி படிக்க வேண்டும் என்று நினைத்தே எழுதுகிறேன்.

சாயங்காலம் லேடிஸ் சீட். பாறையே இருக்கை போல அமைந்த இடம், ஜென்ட்ஸ் சீட்டும் சில்ட்ரன்ஸ் சீட்டும் பக்கத்தில்தான். அக்கா நேராக வந்து லேடிஸ் சீட் விளிம்பில் நின்றார். கீழே சேலம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தது. “அந்த வெளிச்சத்துக்கு அங்கிட்டுத்தான் நான் படிச்ச பள்ளிக்கூடம். ஒம்பதாவதோட நின்னுட்டேன்” என்றார். வடக்கே மலைக்கு அந்தப் பக்கம் தருமபுரி. சேலத்துப் பெண்ணான பிரித்திகா யாஷினி, திருநங்கை என்பதற்காக விண்ணப்பமே தள்ளப்பட்ட நிலையில் நீதிமன்றம் போய், 2015இல் தீர்ப்புப் பெற்று, 2017இல் தருமபுரியில்தான் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்றார். அக்காவுக்கு அந்தக் கதை மனப்பாடம். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நாங்கள் மறுபடியும் கேட்டோம்.

கடைசி நாள் சேர்வராயன் கோயிலுக்குக் காப்பித் தோட்டங்களின் ஓரமாக நடந்தே போனோம். கோயில் இருக்கும் மேட்டு உச்சியின் உயரம் 1,600 மீட்டரைத் தாண்டும். மரமில்லாத புல்வெளி, காற்று ஆளைத் தள்ளுகிறது. மலையாளிப் பழங்குடியினரின் குலதெய்வமான சேர்வராயனும் காவேரி அம்மனும் ஒரு குகைக்குள் இருக்கிறார்கள். உள்ளே போக எவராயிருந்தாலும் குனிய வேண்டும். வெளியே வந்ததும் ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிவந்து அக்காவின் காலில் விழச்சொன்னார். அக்கா குழந்தையின் தலையில் கைவைத்து வாழ்த்தினார். இறங்கும்போது சொன்னார்: “ஆசீர்வாதம் கேக்குற மனசு, ரூம் கேக்கையிலயும் இருந்தா போதும்.” அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல குளிர், தெளிவான வானம். மே மாதத்தில் கோடை விழாக் கூட்டம் இருக்கும், வாடகையும் கூடும். வார நாளாகப் போங்கள். அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் போனில் பேசி, உங்களால் முடிந்தால் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாள அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் கொண்டு ஆதாரிலும் பெயரையும் பாலினத்தையும் திருத்தலாம். காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் தனியாகப் புகுந்துவிட வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் இருக்கின்றன, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். தம்பி அதில் ஒரு பாதையைப் பார்த்துவைத்துவிட்டான். அக்கா சேலம் கடைவீதியில் ஷூ வாங்கி, தினமும் காலையில் போட்டு நடந்து பழகிக்கொண்டிருக்கிறார்.